மேடைக் குடும்ப நாடகத்தைத் திரைப்படமாக்குவது: உரிமை முதல் எடிட்டிங் மேசை வரை முழுமையான வழிகாட்டி

பழைய சபா நாடகம் ஒன்றைப் படமாக்க வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "கதை முழுக்க ஒரே ஹாலில் நடக்கிறதே, இதை எப்படி வெளியே கொண்டுபோவது?" குடும்ப நாடகத்துக்கு அந்த ஹால்தான் உயிர். எழுந்து போக இடமில்லாததால்தான் அப்பாவும் மகனும் பேச வேண்டிய கட்டாயம் வருகிறது. கதவைத் திறந்து அவர்களைக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டால் சண்டையின் சூடு போய்விடும். வெளியே போகும் வழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆறாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியாமல் போனது அந்த வீட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தத் தேடலுக்காகத்தான்.

படி 1: உரிமையை முடித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்

1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக மறைந்தவரை வைத்துக் கணக்கிட வேண்டும். பம்மல் சம்பந்த முதலியார் 1964இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளிவந்த நாடகங்களின் உரிமைக்காலம் 2024 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் 1960, 70களின் சபா நாடகங்களில் பெரும்பாலானவை இன்னும் உரிமைக்குள்தான் இருக்கின்றன. வெளிநாட்டு நாடகமென்றால் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். இப்சன் 1906இல் மறைந்தவர், அவருடைய மூலத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதைத் தமிழில் தந்தவரின் வரிகளை எடுக்க அவரிடமோ அவர் வாரிசுகளிடமோ கையெழுத்து வாங்க வேண்டும்.

குழுவின் பெயரில் நூறு முறை மேடையேறிய நாடகம் என்பதற்காக உரிமை குழுவுடையதாகிவிடாது. எழுதியவருக்கும் குழுவுக்கும் எழுத்தில் என்ன ஒப்பந்தம் இருந்தது என்று கேளுங்கள். எழுதியவர் மறைந்திருந்தால் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். மூத்த மகன் மட்டும் போட்ட கையெழுத்தோடு படப்பிடிப்புக்குப் போனால், வெளியீட்டுக்கு முந்தைய வாரம் இளைய மகளிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வரலாம். அதே நாடகத்தின் திரைப்பட உரிமை பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தயாரிப்பாளருக்குப் போயிருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களில் சட்டம் நமக்குத் தெரியாமலே வேலை செய்யும். உரிமைக்காலம் எவ்வளவு என்று எழுதாவிட்டால் அது 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். மூன்றாவதுதான் பெரிய பள்ளம்: வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை அது காலாவதியாகிவிடும். திரைக்கதை, நடிகர் தேதி, பணம் எல்லாம் கூடிவர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது சகஜம். ஆகவே "ஓராண்டு விதி இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். டப்பிங், பிறமொழி ரீமேக், ஓடிடி, தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

படி 2: எந்தப் பிரதி?

புத்தகமாக அச்சான பிரதி, மேடை ஓரத்திலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டர் கையில் இருந்த பிரதி, உண்மையில் மேடையில் பேசப்பட்டது என்று ஒரே நாடகத்துக்கு மூன்று வடிவங்கள் இருக்கும். பிராம்ப்டர் பிரதியில் பென்சிலால் அடித்த வரிகளும் ஓரத்தில் சேர்த்த வரிகளும் தங்கம். எந்த வரி பார்வையாளரிடம் எடுபடவில்லை, எங்கே நடிகர் கூட்டிப் பேசினார் என்பதை அவை காட்டிவிடும். பழைய ஒளிப்பதிவோ ஒலிநாடாவோ கிடைத்தால், கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு சிரிப்பும் கைதட்டலும் வரும் இடங்களைப் பிரதியின் ஓரத்தில் விநாடிகளோடு குறியுங்கள். அந்த இடைவெளிகளுக்காகவே எழுதப்பட்ட நிரப்பு வரிகள் அதற்கு முன்னும் பின்னும் கிடக்கும். படத்தில் முதலில் போக வேண்டியவை அவை.

படி 3: வருகை, போக்கு, ரகசியம்

மேடையில் "கட்" கிடையாது. ஒருவர் உள்ளே வருவதும் ஒருவர் வெளியே போவதும்தான் அங்கே கட். ஆகவே நாடகத்தின் ஒவ்வொரு வருகையையும் போக்கையும் ஒரு நீளத்தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்: யார், எந்த வாசல் வழியாக, வரும்போது அவருக்கு என்ன தெரியும், எதற்காகப் போகிறார்.

இந்தத் தாள் தயாரானதும் நாடக ஆசிரியரின் சூட்சுமம் கண்ணில் படும். "காபி கொண்டு வர்றேன்" என்று அம்மா சமையலறைக்குப் போவது சும்மா அல்ல. அவள் இல்லாத அந்த இரண்டு நிமிடத்தில்தான் மருமகள் மாமனாரிடம் கடனைப் பற்றிச் சொல்ல முடியும். நீளம் குறைக்கும் அவசரத்தில் காபி வரியை வெட்டினால், அம்மா அறையிலேயே இருக்கும்போது ரகசியம் உடைகிறது. அடுத்த காட்சியில் அவள் அதிர்ச்சியடைவது பொய்யாகிவிடும். தழுவல்களில் அதிகமாக நடக்கும் கோளாறு இதுதான். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்ய வழியில்லை.

அதே தாளின் கீழே இன்னொரு கணக்கு: குடும்பத்து உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு நெடுவரிசை, கதையின் ரகசியம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிடைவரிசை. எந்தக் காட்சியில் யாருக்குத் தெரிய வருகிறது என்று கட்டங்களை நிரப்புங்கள். திரைக்கதை எத்தனை முறை மாறினாலும் இந்தக் கட்டங்களை ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும்.

படி 4: காலத்தை முடிவு செய்யுங்கள்

நாடகத்தின் காலத்திலேயே படமும் நடக்கட்டுமா, இன்றைக்குக் கொண்டு வரலாமா? செலவைப் பார்த்து "இன்றைக்கே வைத்துக்கொள்ளலாம்" என்று முடிவெடுப்பவர்கள் கதையின் ஆணிகளைக் கழற்றிவிடுகிறார்கள். பழைய குடும்ப நாடகம் தாமதத்தில் ஓடுவது. கடிதம் வர நான்கு நாள், வெளியூருக்கு டிரங்க் கால் கிடைக்க அரை நாள், நள்ளிரவில் தந்தி. இந்தியாவில் தந்திச் சேவையே 2013 ஜூலையில் நின்றுவிட்டது. கைப்பேசி இருக்கும் வீட்டில், ஊருக்குப் போன மகன் வேலையை இழந்ததை மூன்று மாதம் மறைப்பது நடக்காத காரியம் அல்ல. ஆனால் அதற்குப் புதிதாக ஒரு வழி எழுதியாக வேண்டும்.

சட்டமும் மாறியிருக்கிறது. 1970களின் பாகப்பிரிவினை நாடகங்களில் பூர்வீகச் சொத்துக்கு அண்ணன் தம்பி மட்டும் அடித்துக்கொள்வார்கள், தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கு 1989இலேயே சம உரிமை வந்தது. 2005இல் நாடு முழுக்க, மணமானவர்களுக்கும் வந்தது. இன்றைக்கு நடக்கும் கதையென்றால் அந்தத் தங்கை ஒரு பங்குதாரர். அவள் கையெழுத்தில்லாமல் வீடு விற்காது. இது தொல்லையாகத் தோன்றலாம். உண்மையில் இதைவிடப் பெரிய வாய்ப்பு கிடையாது. அழுதுகொண்டு நின்ற பாத்திரத்தின் கையில் கதையின் சாவி வந்து சேர்கிறது. அப்படி மாற்றி எழுதத் துணிவில்லையென்றால் பழைய காலத்திலேயே வைத்து, ஆண்டை முதல் பத்து நிமிடத்துக்குள் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

படி 5: வசனத்தைப் பிரித்தெடுத்தல்

நான்கு நிறப் பென்சில்கள் போதும். பார்வையாளர் கண்ணுக்கு ஏற்கெனவே தெரிவதைச் சொல்லும் வரி ஒரு நிறம். வெளியே நடந்ததையோ பழைய கதையையோ தெரிவிக்கும் வரி இன்னொன்று. கைதட்டலுக்காக அரங்கை நோக்கிச் சொல்லும் வரி மூன்றாவது. ஒருவர் இன்னொருவரைக் குத்தவோ, தடுக்கவோ, கெஞ்சவோ பேசும் வரி நான்காவது. முதல் நிறம் முழுக்கப் போகலாம். நான்காவதில் கைவைக்காதீர்கள். நடுவில் இருக்கும் இரண்டும்தான் உண்மையான வேலை.

ஒரு துண்டை எடுத்துப் பார்ப்போம். ஓய்வுபெற்ற தபால் ஊழியர், வீட்டுப் பத்திரம் பீரோவில் இல்லை என்று கண்டுபிடித்த இரவு. மேடைப் பிரதி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

அம்மா: என்னங்க, மணி ஒன்பதரை ஆச்சு. சாயங்காலம் பேங்க்லேருந்து வந்ததுலேருந்து ஒரு வாய் காபிகூட குடிக்காம வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே!
அப்பா: கமலா, முப்பது வருஷம் உழைச்சுக் கட்டின வீடு இது. பீரோவுல பூட்டி வச்ச பத்திரத்தைக் காணோம். சாவி உன்கிட்ட ஒண்ணு, பெரியவன்கிட்ட ஒண்ணு.
அம்மா: ஐயோ, நம்ம ராகவனையா சந்தேகப்படுறீங்க?
அப்பா: சந்தேகம் இல்லை கமலா. பேங்க் மேனேஜரே சொல்லிட்டார்.

முதல் வரி முழுக்கக் கண்ணுக்குத் தெரிவது. இரண்டாவது தகவல். மூன்றாவது, நான்காவதுக்கு வழிவிடுவதற்காக மட்டுமே இருக்கிறது. இதில் எதை இழக்கக் கூடாது? சாவி இருவரிடம் இருக்கிறது என்ற செய்தியை. படத்தில் அது இப்படி வரலாம்:

பீரோ திறந்திருக்கிறது. மடித்த புடவைகளுக்குக் கீழே விரித்த செய்தித்தாள் பழுத்துக் கிடக்கிறது. நடுவில் பத்திரம் இருந்த இடம் மட்டும் நீள்சதுரமாக வெளுத்திருக்கிறது. அப்பாவின் உள்ளங்கை அதன் மேல்.

அம்மா: சாப்பாடு ஆறுது.
அப்பா: பெரியவன் வரட்டும்.
(அம்மா பீரோவைப் பார்க்கிறாள். அவள் கை தானாக இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போகிறது.)
அம்மா: என் சாவி என்கிட்டதான் இருக்கு.
அப்பா: உன்னைக் கேக்கலையே.

பத்து விநாடி மௌனமும் நான்கு வரிகளும். மகனைச் சந்தேகிப்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் இருவருக்கும் தெரிந்துவிட்டது. "முப்பது வருஷம் உழைச்சுக் கட்டின வீடு" என்ற வரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உச்சச் சண்டையில் மகன் அதை அப்பாவிடம் திருப்பிச் சொல்லட்டும்: "முப்பது வருஷமும் இதையேதான்பா கேக்குறோம்." தகவலாக இருந்த வரி அப்போது ஆயுதமாகிவிடும். நல்ல நாடகங்களில் வெட்ட வேண்டிய வரிகள் குறைவு, இடம் மாற வேண்டியவை அதிகம்.

அரங்கை நோக்கிய நீண்ட உரையைப் பயந்து பயந்து துண்டாக்க வேண்டாம். அந்தப் பேச்சுக்காகத்தான் நாடகம் பல ஆண்டுகள் நின்றது. மேடையில் அது அரங்கத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டிருந்தால், திரையில் யாரிடம் சொல்லப்படுகிறது என்று முடிவு செய்து, கேட்பவர் ஒருவரை எதிரே உட்கார வையுங்கள். கேமராவுக்குப் பாதி வேலை அந்தக் கேட்கும் முகத்தில்தான் இருக்கும்.

படி 6: வீட்டை வரையுங்கள்

மேடை வீட்டுக்கு மூன்று சுவர், எல்லா நாற்காலியும் அரங்கைப் பார்க்கும். அந்த அமைப்பை அப்படியே படப்பிடிப்பு வீட்டுக்குக் கொண்டு போனால், எவ்வளவு நல்ல கேமரா வைத்தாலும் நாடகத்தைப் பதிவு செய்தது போலவே இருக்கும். நான்காவது சுவரை முதலில் கட்டுங்கள். அந்தச் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்பது மேடைப் பிரதியில் இருக்காது. தாத்தா படமா, ஜன்னலா, தெருக்கதவா என்பது உங்கள் முடிவு.

அறைகளுக்கு இடையிலான பார்வைக்கோடுகள்தான் குடும்பப் படத்தின் அடிப்படை. ஹாலில் உட்கார்ந்திருப்பவரின் தோளுக்குப் பின்னால் சமையலறைக் கதவு தெரிகிறதா? மாடிப்படியில் நின்றால் பூஜையறை கேட்குமா? ஹாலில் நடக்கும் பேச்சைச் சமையலறையில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பதை ஒரே ஷாட்டில் காட்ட முடிந்தால், மேடையில் "நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன்" என்று வந்து நிற்கும் வரி தேவைப்படாது. கே. பாலசந்தரின் நாடகத்திலிருந்து வந்த "எதிர்நீச்சல்" (1968) படத்தில் பல குடித்தனங்கள் வாழும் வீட்டின் மாடிப்படிக்குக் கீழே வசிப்பவன் நாயகன். அவன் பெயரே மாடிப்படி மாது. யார் மேலே, யார் கீழே, யார் எல்லோருக்கும் ஏவலாள் என்பதை வீட்டின் அமைப்பே சொல்லிவிடுகிறது.

விசுவின் "சம்சாரம் அது மின்சாரம்" (1986) படத்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் பிளவு வரும்போது வீட்டின் நடுவே தரையில் கோடு கிழிக்கப்படுகிறது. அந்தக் கோடு மேடைக்கும் பொருந்தும், திரைக்கு இன்னும் பொருந்தும். அதற்குப் பிறகு கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே ஒரு கருத்தாகிவிடுகிறது. உங்கள் நாடகத்திலும் இப்படித் தரையோடு ஒட்டிய ஒரு செயல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இனி அளவுகள். கேமராவுக்குள் படம் விழும் சென்சார், சூப்பர் 35 என்ற அளவுள்ளதென்றால் அதன் அகலம் சுமார் 25 மி.மீ. 35 மி.மீ. லென்ஸோடு 10 அடி தள்ளி நின்றால் படச்சட்டத்தில் விழும் அகலம் 7 அடிதான், 50 மி.மீ. என்றால் 5 அடி. ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசைக்குக் குறைந்தது 10 அடி அகலம் வேண்டும். 35 மி.மீ. லென்ஸில் அதற்கு 14 அடி தூரம். கேமராவுக்கும் ஆளுக்கும் பின்னால் 3, 4 அடி. அதாவது 18 அடி நீளமில்லாத ஹாலில் குடும்பம் முழுவதையும் முகம் கோணாமல் ஒரே சட்டத்தில் எடுக்க முடியாது. 12 அடி அறையில் மாட்டிக்கொண்டவர்கள் 18 மி.மீ. லென்ஸைப் போட்டு, ஓரத்தில் இருப்பவர்களின் முகத்தை இழுத்துவிடுகிறார்கள். உண்மையான வீட்டில் எடுப்பதென்றால் ஹாலுக்கு நேரே திண்ணையோ வராந்தாவோ, பெரிய கதவோ இருக்கும் வீடாகப் பாருங்கள். கேமராவை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். ஸ்டுடியோ ஃப்ளோரில் செட் போட்டால் குறைந்தது இரண்டு சுவர்கள் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும்.

கூரையையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 1957இல் சிட்னி லூமெட் இயக்கிய "ட்வெல்வ் ஆங்ரி மென்" ஏறக்குறைய முழுவதும் ஒரே அறையில் நடக்கிறது. முதல் பகுதி கண்மட்டத்துக்கு மேலிருந்து, அடுத்தது கண்மட்டத்தில், கடைசிப் பகுதி கீழிருந்து எடுக்கப்பட்டது. போகப்போக லென்ஸின் மி.மீ. அளவும் கூடி, சுவர்கள் நெருங்கி வந்தன, கடைசியில் கூரையும் தெரிந்தது. குடும்ப நாடகத்துக்கு இதைப்போல் பொருத்தமான பாடம் குறைவு. ஆனால் கூரையில்லாத செட்டைப் போட்டுவிட்டு, கேமராவைக் கீழே வைக்க ஆசைப்பட்டால் விளக்குச் சட்டங்கள்தான் தெரியும்.

படி 7: வெளிக்காட்சி சேர்க்கும் முன்

மேடையில் சொல்லப்பட்டு மட்டும் நடந்த நிகழ்ச்சிகள் இருக்கும்: விபத்து, பெண் பார்க்கும் படலம், அலுவலகத்தில் அவமானம். திரையில் எல்லாவற்றையும் காட்டலாம் என்பதால் எல்லாவற்றையும் காட்டத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: நிகழ்ச்சி முக்கியமா, அதைக் கேட்கும்போது வீட்டில் ஒருவருக்கு நேர்வது முக்கியமா? விபத்துச் செய்தியைத் தொலைபேசியில் கேட்கும் தாயின் முகம்தான் காட்சி என்றால், லாரியையும் உடைந்த ஸ்கூட்டரையும் எடுக்கச் செலவழிக்க வேண்டாம். அப்பா தினமும் "ஆபீஸுக்கு" என்று கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அது வேறு. வீட்டில் யாருக்கும் தெரியாததை நமக்கு மட்டும் காட்டுகிறது, அடுத்த சாப்பாட்டுக் காட்சி முழுவதையும் அது மாற்றிவிடும். அந்தக் காட்சி இருக்கட்டும்.

வெளியே போவதற்கு முன் வீட்டுக்குள்ளேயே எத்தனை புது இடங்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள்: கொல்லைப்புறம், கிணற்றடி, மொட்டை மாடி, குளியலறைக் கதவுக்கு வெளியே, விளக்கணைந்த படுக்கையறை, பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலான சந்து. அண்ணியும் நாத்தனாரும் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு பேசும்போது, மேடை ஹாலில் பேச முடியாத குரலில் பேசுவார்கள்.

படி 8: நீளமும் இடைவேளையும்

இடப்பக்கம் செயல், வலப்பக்கம் வசனம் என்ற தமிழ்த் திரைக்கதை வடிவத்துக்கு "ஒரு பக்கம் ஒரு நிமிடம்" என்ற கணக்கு ஒத்துவராது. ஆள் வைத்து உரக்கப் படித்து, காட்சி காட்சியாக நேரம் குறியுங்கள். வசனமில்லாத செயல்களுக்குத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நாடகத்தின் அங்க முடிவுகளில் ஒன்று இயல்பாகவே இடைவேளையாகும், பெரும்பாலும் ரகசியம் முதன்முதலாக உடையும் இடம். அங்கே படுதா விழும்போது குடும்பமே சிலைபோல் நிற்கும். திரையில் அந்த நிலைச்சித்திரம் செயற்கை. ஒருவர் முகத்தோடு முடியுங்கள். யார் முகம் என்பது, இரண்டாம் பாதி யாருடையது என்பதைத் தீர்மானிக்கும்.

எல்லாக் காட்சிகளையும் பொடியாக நறுக்கினால் வேகம் வரும் என்பது ஏமாற்று. ஐந்தாறு நிமிட நீளமுள்ள இரண்டு மூன்று பெரிய காட்சிகள் உடையாமல் இருக்க வேண்டும். அவற்றைச் சுற்றி அரை நிமிட, ஒரு நிமிடக் காட்சிகள் வரலாம். நீளமும் குட்டையும் மாறி மாறி வரும்போதுதான் பெரிய காட்சிக்கு எடை கிடைக்கிறது.

படி 9: ஒத்திகை

மேடையில் அதே வேடத்தைப் பல முறை செய்தவரைப் படத்துக்கும் எடுப்பது பெரிய பலம். "வியட்நாம் வீடு" சிவாஜி நாடக மன்றத்தின் மேடையிலிருந்து 1970இல் திரைக்கு வந்தபோது, சிவாஜி கணேசன்தான் இரண்டிலும் பிரஸ்டீஜ் பத்மநாபன். அந்தப் பாத்திரத்தின் நடை, இருமல், கோபம் எல்லாம் உடம்பில் ஊறியிருக்கும். மாற்ற வேண்டியது கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற பழக்கத்தை.

அதற்கு "குறைச்சு நடிங்க" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் உணர்ச்சியும் சேர்ந்து குறைந்துவிடும். எதிர்நடிகரை மூன்று அடி தூரத்தில் உட்கார வைத்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி முழுக் காட்சியையும் பேச வையுங்கள். பிறகு பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று சொல்லி அதே சண்டையைப் போடச் சொல்லுங்கள். குரல் இறங்கும், கோபம் இறங்காது. சிரிப்புக்காக நிற்கும் பழக்கம் தானாகப் போகாது. படி 2இல் குறித்து வைத்த இடங்களில் எதிர்நடிகர் உடனே அடுத்த வரியை எடுத்துவிட வேண்டும்.

செட்டின் அளவைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்து, நாற்காலி, கட்டில், கதவு இருக்கும் இடம் மாறாமல் பத்து நாளாவது ஒத்திகை பார்க்கலாம். ஒரே வீடு, குறைந்த நடிகர்கள் என்பதால் இந்தச் செலவு தாங்கும். படப்பிடிப்பில் திரும்பக் கிடைத்தும்விடும்.

படி 10: படப்பிடிப்பு, குறிப்பாகச் சாப்பாட்டுக் காட்சி

ஒரே செட் என்பதால் கதையின் வரிசையிலேயே எடுக்க முடியும். மற்றப் படங்களுக்குக் கிடைக்காத வசதி இது, கால்ஷீட் சிக்கலுக்காக இதை எளிதில் விட்டுவிட வேண்டாம். மூன்றாம் வாரத்துக்குள் அந்த நடிகர்களுக்குள் ஒரு குடும்பம் உருவாகிவிடும், உச்சக் காட்சி அதன் மேல் நிற்கும்.

சாப்பாட்டு மேசைக் காட்சி எல்லோரையும் சோதிக்கும். ஆறு பேர் என்றால் பார்வைத் திசைகள் குழம்பும். எந்தச் சண்டை எந்த இருவருக்கு நடுவே என்று காட்சியை மூன்று நான்கு துண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் கேமரா அந்த இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைத் தாண்டக் கூடாது. கோட்டைக் கடக்க வேண்டுமென்றால், ஒருவர் எழுந்து போகும்போதோ பரிமாறுகிறவர் குறுக்கே நடக்கும்போதோ கடக்கலாம்.

முதலில் எல்லோரும் தெரியும் மாஸ்டர் ஷாட். அசைவுகளும் சாப்பாட்டின் அளவும் அதில்தான் நிலைப்படும். அடுத்து, அந்தக் காட்சியில் உடைந்து அழ வேண்டியவரின் குளோசப். அதைக் கடைசிக்குத் தள்ளினால் பதினைந்து முறை அழுது காய்ந்த முகம்தான் கிடைக்கும். பிறகு ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து எதிரில் இருப்பவரை எடுக்கும் சஜஷன் ஷாட்டுகள், கேட்பவர்களின் முகங்கள், கடைசியில் கைகளும் தட்டும். கேமராவில் தெரியாதபோதும் எதிர்நடிகர் தன் இடத்தில் உட்கார்ந்து முழு உணர்ச்சியோடு பேச வேண்டும். உதவி இயக்குநர் தாளைப் பார்த்துப் படிக்கும் வசனத்துக்கு யாராலும் அழ முடியாது. ஐந்து நிமிடச் சாப்பாட்டுக் காட்சிக்குப் பன்னிரண்டு கோணங்கள் ஆகும். அந்த நாளில் வேறு காட்சி வைக்காதீர்கள்.

ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறிவிடாமல் கன்டினியூட்டி பார்ப்பவருக்குச் சாப்பாட்டுத் தாள் ஒன்று தனியாக வேண்டும்: எந்த வரியில் சாம்பார் ஊற்றப்படுகிறது, எந்த வரியில் யார் தண்ணீர் குடிக்கிறார், அப்பளம் எப்போது உடைகிறது. நடிகர்களுக்கு ஒரு அறிவுரை: சிறு கவளம், வரிக்கு முன்னால் மட்டும். வாயில் சோறோடு பேசினால் ஒலி கெடும். அதோடு ஒவ்வொரு டேக்கிலும் கை வேறு இடத்தில் நிற்கும்.

படி 11: ஒலி

குடும்பத்தில் யாரும் இன்னொருவர் முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். ஆகவே நேரடி ஒலிப்பதிவு செய்வது நல்லது. மாஸ்டரில் எல்லோரும் கலந்து பேசட்டும், ஆளுக்கொரு லேப்பல் மைக் சட்டையில், மேலே கம்பில் தொங்கும் பூம் மைக். குளோசப்பில் மட்டும் முகம் தெரிபவரின் வரி சுத்தமாக விழும்படி மற்றவர்கள் ஒரு மூச்சு தள்ளிப் பேசினால், பின்னால் எடிட்டர் விரும்பிய அளவுக்கு மேலே ஏற்றிக்கொள்வார். டப்பிங்தான் என்றால், தனித்தனியாகக் கூப்பிடாமல் சண்டையில் இருக்கும் இருவரையும் ஒன்றாக மைக் முன் நிறுத்துங்கள்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுத்தால், திரையில் அது சுழல்வது தெரியக் கூடாது. ஒவ்வொரு அறையிலும் ஆளில்லாத சத்தம் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். மேடையின் பக்க மறைப்பான விங்ஸிலிருந்து வந்த குரல்களுக்குத் திரையில் இன்னும் நல்ல இடம் உண்டு: மூடிய கதவுக்குப் பின்னால் அப்பாவின் குரல், இந்தப் பக்கம் பிள்ளைகளின் முகம்.

படி 12: எடிட்டிங் மேசை

முதல் தொகுப்பு நீளமாகத்தான் வரும். வசனத்தில் கைவைப்பதற்கு முன் நடையை வெட்டுங்கள். கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து பேச ஆரம்பிப்பது மேடையின் தேவை. படத்தில் பேச்சின் நடுவிலேயே நுழையலாம். அடுத்து, ஒத்திகையில் தப்பிப் பிழைத்த சிரிப்பு இடைவெளிகள். மூன்றாவதாக, பேசுகிறவர் முகத்திலேயே நிற்கும் பழக்கம். வசனத்தின் கடைசி மூன்று சொற்கள் கேட்பவர் முகத்தின் மேல் விழட்டும். "நீ என் பிள்ளையே இல்லை" என்ற வரியைச் சொல்லும் வாயைவிட, அதை வாங்கும் முகத்தைத்தான் பார்வையாளர் தேடுவார்.

சண்டைக் காட்சிகளுக்கு முதலில் இசையில்லாமல் தொகுத்து முடியுங்கள். இசையில்லாமல் நிற்காத சண்டை, திரைக்கதையில் ஏதோ விட்டுப்போனதைச் சொல்கிறது. படி 3இல் எழுதிய வருகைத் தாளை எடுத்து அந்த இடத்தைப் பாருங்கள்.

ரகசியக் கட்டங்களை எடிட்டிங் அறைச் சுவரிலும் ஒட்டி வையுங்கள். ஒரு காட்சியைத் தூக்கும்போதெல்லாம், அதில் யாருக்கு என்ன தெரிய வந்தது என்பதைப் பார்த்து, அது வேறெங்காவது வந்துவிட்டதா என்று உறுதி செய்த பிறகே தூக்குங்கள். பிறகு நாடகத்தைப் பார்த்தேயிராத நான்கைந்து பேரை உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். முடிந்ததும் "பிடிச்சிருந்ததா?" என்று கேட்க வேண்டாம். "அம்மாவுக்கு எப்போ தெரிஞ்சது? அப்பா ஏன் அன்னைக்கு சாப்பிடலை?" என்று கேளுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் அந்த இடத்தில் ஓர் இணைப்பு அறுந்திருக்கிறது.

டைட்டிலில் மூல நாடகத்தின் பெயர், எழுதியவர் பெயர், முதலில் மேடையேற்றிய குழுவின் பெயர் மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதியபடியே, அதே எழுத்தளவில், தனிச் சட்டத்தில் வருகின்றனவா என்று பிரின்ட் போகும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.